பிளஸ் டூ குரூப்புகள்: மோட்டார் வைண்டிங் பட்டறையிலிருந்து ஒரு மதிப்பீடு

ஒவ்வொரு வருஷமும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற வாரம், என் பட்டறைக்கு எரிந்த மோட்டாரோடு ஒரு கேள்வியும் வந்து சேரும். “பையன் முந்நூத்தி நாப்பது எடுத்திருக்கானுங்க, எந்த குரூப்புல போடலாம்?” மோட்டாருக்கு என்ன கோளாறு என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். இதற்கு ஒரு டீ குடித்து முடித்தாலும் பதில் முடியாது. கேட்கிறவர்களும் பாதியில் போன் வந்து கிளம்பிவிடுகிறார்கள். அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

எனக்கு இதில் என்ன தகுதி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கோவை கணபதிப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்துகிறேன். 2000-களின் தொடக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் ‘மின் இயந்திரங்களும் சாதனங்களும்’ படித்தவன். மகள் அதே பள்ளியில் இப்போது காமர்ஸ். அக்கா மகன் அங்கேயே பயோ-மேத்ஸ் முடித்துவிட்டு இன்ஜினியரிங் படிக்கிறான். இது போதாதென்று பிளஸ் டூ முடித்த பையன்கள் வேலை கேட்டு வந்து நிற்பதும் என் வாசலில்தான். ஆக, சரக்கை வாங்கியவனும் நான், அது லோடு எடுக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பவனும் நான்.

பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்குப் பாடம் நடத்திய ஒன்றிரண்டு பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மகள் வேறு பரீட்சை எழுத வேண்டும்.

இயற்பியலிலிருந்து ஆரம்பிக்கிறேன். வேலை கேட்டு வருகிறவனிடம் சர்ட்டிபிகேட்டை அப்புறம்தான் வாங்கிப் பார்ப்பேன். முதலில் ஒரு துண்டு எனாமல் கம்பியையும் ஸ்குரூ கேஜையும் கையில் கொடுத்து, “இது எத்தனை கேஜ் கம்பி, சொல்லு” என்பேன். மோட்டார் கட்டுகிறவனுக்கு இதுதான் அரிச்சுவடி. எரிந்த காயிலைப் பிரித்து, எனாமலைச் சுரண்டி, தடிமனை அளந்து, அதே கனத்தில் புதுக் கம்பி போட வேண்டும். 22 கேஜ் என்றால் 0.71 மில்லிமீட்டர். 23 கேஜ் 0.61. இடையில் இருப்பது ஒரு தலைமுடி கனம்தான். ஆனால் 22 போட வேண்டிய இடத்தில் 23 போட்டுவிட்டால் தோட்டத்து மோட்டார் கோடையைத் தாண்டாது.

இயற்பியலில் 90-க்கு மேல் எடுத்த பையன்கள் வருகிறார்கள். பிளஸ் டூ செய்முறையில் மீட்டர் பிரிட்ஜ் வைத்துக் கம்பிச் சுருளின் மின்தடை எண் கண்டுபிடிக்கிற சோதனை உண்டு. அதற்குக் கம்பியின் ஆரத்தை ஸ்குரூ கேஜால் அளந்தாக வேண்டும். அதாவது என் கேள்விக்கான விடை அவர்களுடைய ரெக்கார்டு நோட்டிலேயே இருக்கிறது, கையெழுத்தும் சீலும் போட்டு. ஆனால் கருவியைக் கொடுத்தால் அளவுக்கு மேல் இறுக்காமல் வழுக்கிவிடுவதற்கென்று பின்னால் இருக்கிற ராட்செட்டைத் தொடாமல் கருவியின் உடம்பைப் பிடித்து முறுக்குகிறார்கள். கம்பியே நசுங்குகிறது. சுழிப்பிழை, அதாவது எதுவும் வைக்காதபோதே கருவி காட்டுகிற பிழை, பார்த்தாயா என்றால், பார்த்தேன் என்கிறார்கள். எவ்வளவு என்றால் பதில் இல்லை.

ஒருவனிடம் தன்மையாகவே கேட்டேன். “ஒரு செட்டுக்கு அஞ்சாறு பேருங்கண்ணா. ஒருத்தன் செய்வான், மத்தவங்க ரீடிங் எழுதிக்குவோம்” என்றான். அந்த ஒருத்தன் யார் என்றேன். “நல்லாப் படிக்கிறவன்” என்றான்.

சாரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறையும் அகமதிப்பீடும் முழுசாகவோ ஒன்றிரண்டு குறைந்தோ வந்துவிடும் என்பது ஊரறிந்த சங்கதி. அந்த 30 கைக்கு வந்துவிட்டால் எழுத்தில் குறைந்தபட்சமான 15-ஐத் தொட்டாலே பாஸ். லேபில் ஃபெயிலாக வழியே இல்லாதபோது ராட்செட் எதற்கு இருக்கிறது என்று எவன் கவலைப்படுவான்? இயற்பியல் துறைக்கு ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் பாடப் புத்தகத்துக்கு. புத்தகம் நன்றாக இருக்கிறது. 2018-இல் பாடத்திட்டம் மாறி வந்த புத்தகங்களை நானே உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். படம், விளக்கம் எல்லாம் எங்கள் காலத்தைவிட எவ்வளவோ மேல்.

கணிதமும் கிட்டத்தட்ட இதே கதை. அக்கா மகன் கலப்பெண்களில் கரை கண்டவன். மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் அந்தக் கலப்பெண் எங்கே வந்து உட்காருகிறது என்பது இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில்தான் அவனுக்குத் தெரிந்தது. ரூட் 3 என்றால் 1.732 என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான். 415 வோல்ட் சப்ளையில் 5 எச்.பி. மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்கும் என்று கேட்டால் விழிப்பான். சுமார் ஏழரை. அந்த 1.732 அந்தக் கணக்கில்தான் வருகிறது.

இங்கேதான் நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தப் பாடத்தின் மார்க் கட்-ஆஃபில் சேருகிறதோ, அந்தத் துறைக்குப் பிள்ளைகளோடு பேச நேரம் கிடையாது. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. ஒரு மார்க்கில் நூற்றுக்கணக்கான இடம் பின்னால் போய்விடும் என்கிறபோது, எந்த சாரும் ‘இது வெளியே எங்கே உதவும் தெரியுமா’ என்று கதை பேசிக்கொண்டு நிற்க மாட்டார். டிசம்பருக்குள் போர்ஷன் முடிய வேண்டும், அப்புறம் ரிவிஷன், மறுபடி ரிவிஷன். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயந்திரம் ஸ்லிப் டெஸ்ட். கட்-ஆஃபில் சேராத பாடத்தின் ஆசிரியர்களுக்குத்தான் மூச்சுவிட நேரம் இருந்தது. அவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான் எனக்கும் என்னோடு படித்தவர்களுக்கும் இன்றுவரை உதவுகிறது.

பிளஸ் ஒன் விஷயத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முன்பு பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமலே இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். பிளஸ் டூ மொத்தமும் 1200-லிருந்து 600 ஆனது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறையும், சரி. பழைய திருட்டு வேலை திரும்பி வராமல் யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

வேதியியலைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. பிப்பெட்டில் வாயை வைத்து உறிஞ்சியதும் உப்புப் பகுப்பாய்வில் வந்த வாடையும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதைப் படித்துவிட்டு வந்த ஒரு பையன் வார்னிஷ் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பற்ற வைக்கப் பார்த்தான். தின்னர் ஆவி பிடித்துக்கொள்ளும் என்று சொன்னதற்கு, “அது சிலபஸ்ல இல்லீங்ண்ணா” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இருந்தாலும் தீப்பெட்டியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

உயிரியலில் ஒரு சங்கதி மட்டும். பிளஸ் டூ விலங்கியலில் மனித இனப்பெருக்கம், இனப்பெருக்க நலன் என்று பாடங்கள் இருக்கின்றன. பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்திலேயே ரொம்ப வேண்டிய பக்கங்கள் அவை. அக்கா மகன் வகுப்பில் ‘வீட்டில் படிச்சுக்கோங்க, ஒன் மார்க் மட்டும் முக்கியம்’ என்று தாண்டிவிட்டார்களாம். நீட் எழுதுகிற நாலைந்து பேர் மட்டும் வரிவரியாகப் படித்தார்களாம். மிச்சம் நாற்பது பேர் அதை எங்கே தெரிந்துகொண்டிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கம்ப்யூட்டரில் இரண்டு பாதை. கணிதத்தோடு சேர்கிற கணினி அறிவியலில் பைத்தான், மைஎஸ்க்யூஎல் எல்லாம் இருக்கிறது. நியாயமான பாடம். காமர்ஸோடு சேர்கிற கணினிப் பயன்பாடுகளைத்தான் மகள் படிக்கிறாள். அதில் பேஜ்மேக்கர் என்கிற பக்கம் வடிவமைக்கிற மென்பொருளுக்குத் தனிப் பாடம் வைத்திருக்கிறார்கள். 2019-இல் வந்த புதுப் புத்தகம். அதற்குப் பல வருஷம் முன்பே அடோபி கம்பெனி பேஜ்மேக்கரை விட்டுவிட்டு இன்டிசைனுக்குப் போய்விட்டது. எங்கள் தெரு டி.டி.பி. கடையில் இன்னும் அதுதான் ஓடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரர் நம்ம பங்காளி. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கிற ஆயுதம் அதுவா?

சரி, என் சொந்தத் துறைக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்து வந்தது. காலேஜுக்குப் போகாதவனும் ஒரு தொழிலோடு வெளியே போக வேண்டும் என்ற எண்ணம். நடைமுறையில், பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தவனைக் கொண்டுபோய் விடுகிற இடம் ஆகிவிட்டது. நானும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். “வொகேஷனலா?” என்று கேட்கிறபோது சொந்தக்காரர்களின் குரல் ஒரு படி இறங்கும் பாருங்கள், அதை நன்றாகக் கேட்டவன் நான். எங்கள் வகுப்பு மெயின் கட்டடத்தில் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக் கொட்டகை. வெயில் காலத்தில் உள்ளே இருக்க முடியாது. மழைக் காலத்தில் பாடம் கேட்காது.

அந்தக் கொட்டகைக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன்.

எலக்ட்ரிக்கல் சார் முதல் வாரமே எங்களைக் கொண்டு ஒரு டெஸ்ட் லேம்ப் செய்ய வைத்தார். பல்ப் ஹோல்டர், இரண்டு ஒயர், அவ்வளவுதான். ‘இது உன் கண்ணு, இது இல்லாம எதையும் தொடாதே’ என்பார். அப்புறம் மாடிப்படி ஒயரிங், கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், நடுவில் ஒரு பல்ப். டியூப் லைட்டுக்குச் சோக்கும் ஸ்டார்ட்டரும் கொடுப்பது. டேபிள் ஃபேனைக் கழற்றிப் பூட்டுவது. கழற்றிய ஸ்குரூ மிஞ்சினால் மறுபடி முதலிலிருந்து. ஃபியூஸ் போனால் திட்ட மாட்டார். யார் கொடுத்த இணைப்பில் போனதோ அவனே கட்ட வேண்டும், கட்டுவதற்கு முன்னால் ஏன் போனது என்று போர்டில் படம் போட்டுக் காட்ட வேண்டும். எங்களில் பாதிப்பேர் பாடத்தைப் படித்ததே அந்தப் போர்டுக்கு முன்னால் நின்றுதான்.

பிளஸ் டூவில் ஸ்டேட்டர், அதாவது மோட்டாரில் சுற்றாமல் நிற்கிற பகுதி, கட்ட ஆரம்பித்தோம். கம்பி இறங்குகிற பள்ளம்தான் ஸ்லாட், காந்த முனைதான் போல். 36 ஸ்லாட், 4 போல். ஒரு போலுக்கு ஒன்பது ஸ்லாட், அதில் ஒரு ஃபேஸுக்கு மூன்று. சார் தரையிலேயே சாக்பீஸால் ஸ்லாட் எல்லாம் வரிசையாக வரைந்து, மூன்று பேரை மூன்று ஃபேஸாக நிற்க வைத்து, எங்கே உள்ளே போய் எங்கே வெளியே வர வேண்டும் என்று நடக்க விடுவார். இன்றைக்கும் ஒரு புது மோட்டார் வந்தால் என் மனசு அந்தத் தரையில்தான் நடக்கிறது. 50 ஹெர்ட்ஸில் 4 போல் மோட்டார் கணக்குப்படி 1500 சுற்ற வேண்டும், பெயர்ப் பலகையில் 1440 என்று ஏன் போட்டிருக்கிறது என்பதை ஒரு முழு பீரியட் பேசினார். அவருக்கு அந்த நேரம் இருந்தது. அவருடைய பாடத்தை எந்தக் கட்-ஆஃபும் துரத்தவில்லை.

எஸ்டிமேட் எழுதவும் கற்றுக்கொடுத்தார். எவ்வளவு கிலோ கம்பி, ஸ்லீவ், இன்சுலேஷன் பேப்பர், வார்னிஷ், கூலி, எல்லாம் தனித்தனியாக. ‘மொத்தமா ஒரு தொகை சொன்னா பேரம் பேசுவான். பிரிச்சு எழுதிக் கொடு, பேசாமக் கொடுப்பான்’ என்பார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். என் கடை நடப்பது அதில்தான்.

அரை மார்க் குறைத்ததற்கும் காரணம் இருக்கிறது. ஆண்டு விழாவுக்கு லைட் கட்ட, ஸ்டாஃப் ரூம் ஃபேன் ரிப்பேர் பார்க்க, கொடிக்கம்பத்தில் கயிறு மாட்ட என்று எதற்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை, உண்மையில் அவைதான் எங்களுக்கு நல்ல பிராக்டிகல். ஆனால் பிளஸ் டூ முடித்தபின் என்ன படிக்கலாம் என்று எங்கள் கொட்டகைக்கு வந்து ஒருவரும் சொல்லவில்லை. தொழிற்கல்வி முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். இன்ஜினியரிங் சேர்க்கையில் தொழிற்கல்விப் பிரிவுக்குத் தனி ஒதுக்கீடே உண்டு. இந்த இரண்டும் எங்கள் செட்டில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தபோது வயசு தாண்டியிருந்தது.

இப்போது அந்தப் பாடத்தின் பெயர் அடிப்படை மின்பொறியியல். புத்தகம் மாறி, வேலைவாய்ப்புத் திறன்கள் என்று ஒரு பாடமும் சேர்ந்திருக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் எங்கள் பள்ளியில் சார் ரிட்டயர் ஆனதும் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. இருந்த பிள்ளைகளை முடித்து அனுப்பிவிட்டுப் பிரிவையே மூடிவிட்டார்கள். கொட்டகையில் இப்போது உடைந்த பெஞ்ச் கிடக்கிறது. பம்பு செட்டுக்கும் மோட்டாருக்கும் பேர் போன ஊரில், மோட்டார் கட்டக் கற்றுக்கொடுத்த இடத்துக்கு இந்தக் கதி. என் பட்டறைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நான் புலம்புவது இதனால்தான். இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் ஜார்க்கண்ட், ஒருவர் ஒடிசா. கெட்டிக்காரர்கள். அவர்களுக்கும் ராட்செட்டைப் பிடிக்க நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

செவிலியம் பிரிவைப் பற்றி ஒரு வரி. பக்கத்து ஊர்ப் பெண்கள் பள்ளியில் சித்தப்பா பேத்தி அதைத்தான் படித்தாள். ஜி.எச்.சுக்குப் பயிற்சிக்குப் போனாள். அப்பத்தாவுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்த ராத்திரி, மற்றவர்கள் ஆட்டோவுக்கு ஓடியபோது அவள்தான் நிதானமாக நின்று பார்த்தாள். அதற்குமேல் விவரம் எனக்குத் தெரியாததால் மார்க் போடவில்லை.

காமர்ஸ் எனக்கு ஆச்சரியம் கொடுத்த துறை. மகள் அதை எடுத்தபோது, மார்க் இருந்தும் ஏன் என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை. “ஏம்ப்பா, நீங்களே கட்-ஆஃப் இல்லாத பாடந்தான் நல்லதுன்னு கடைல எல்லார்கிட்டயும் சொல்றீங்க” என்று ஒரே போடாகப் போட்டாள். பிளஸ் டூ கணக்குப்பதிவியலின் முதல் பாடமே ‘முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்’. அதாவது சரியாகக் கணக்கு எழுதாத சின்ன வியாபாரியின் நோட்டு, பேங்க் பாஸ்புக், கடன் துண்டுச் சீட்டு இதையெல்லாம் வைத்துக்கொண்டு வருஷ லாபத்தைக் கண்டுபிடிப்பது. படித்த அன்றைக்குச் சாயந்திரமே என் மேஜை டிராயரைத் திறந்தாள். “இந்தப் பாடத்துக்குப் படம் போட்டிருந்தா நம்ம கடையத்தான் போட்டிருப்பாங்க” என்றாள்.

பிளஸ் ஒன்னில் படித்த வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை (நம் நோட்டையும் பேங்க் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பது) வைத்து, ஒரு பம்பு ஏஜென்சி கொடுத்த செக் என் கணக்கில் ஏறவே இல்லை என்பதையும் கண்டுபிடித்தாள். அந்தத் தொகை வந்ததும் சண்டை போட்ட அவள் அம்மாவே காமர்ஸ் கட்சிக்கு மாறிவிட்டாள். அவர்களுடைய மிஸ் வகுப்புக்கு உண்மையான செக் இலை கொண்டுவந்து, இரண்டு கோடு போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டியிருக்கிறார். நாற்பது வயதில் பேங்க் கவுன்ட்டரில் நின்று தடுமாறுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். இது அவர்களுக்குப் பதினாறு வயதில் கிடைத்திருக்க வேண்டியது.

குறை இல்லாமல் இல்லை. கடைசிப் பாடம் டேலி, கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிற மென்பொருள். லேபில் ஓடுகிற கம்ப்யூட்டர் குறைவு என்பதால் எஃப் 5 என்றால் பேமென்ட், எஃப் 6 என்றால் ரிசீட் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நீச்சலைப் புத்தகத்தில் படிக்கிற மாதிரி. கடையில் என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த பிறகுதான் அது கீபோர்டில் தட்டுகிற ஒரு கீ என்பதே அவளுக்கு உறைத்தது. ஜி.எஸ்.டி. பற்றிப் பாடம் இருக்கிறது, ஒரு நிஜ இன்வாய்ஸை யாரும் காட்டவில்லை. ஒரு பில்லை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் முடிகிற வேலை. அதனால் நாலு. அந்த மிஸ் மாற்றலாகிப் போய்விட்டால் இரண்டரை.

தமிழ்த் துறைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கப் போகிறேன், சிரிக்காதீர்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் படிவம் நிரப்புகிற கேள்வி வருகிறது. நூலக உறுப்பினர் படிவம், மேல்நிலை வகுப்புச் சேர்க்கை விண்ணப்பம் இப்படி. எங்கள் காலத்தில் ஐயா கடிதத்தில் உயிரை எடுப்பார். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், இடம், நாள், இப்படிக்கு. பொருள் ஒரே வரியில் இருக்க வேண்டும். அழுகை கூடாது, கோபம் கூடாது, என்ன நடந்தது, என்ன வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் லோ வோல்ட்டேஜ் என்று மின்வாரியத்துக்கு, சாக்கடை அடைப்பு என்று மாநகராட்சிக்கு, பேங்கில் தப்பாகப் பிடித்த தொகைக்கு என்று நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஐயாவின் கடிதங்கள்தான். பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் நானே எழுதிக் கொடுக்கிறேன். கம்ப்யூட்டர் படித்த பையன்கள் வாட்ஸ்அப்பில் ‘சார் கரண்ட் ப்ராப்ளம் ப்ளீஸ்’ என்று அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். என் கடிதத்துக்கு ஆள் வருகிறது.

குறளை மனப்பாடப் பகுதிக்காகத்தான் படித்தோம். கடன் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல அதிலேயே நாலைந்து கைவசம் இருக்கிறது.

ஆங்கிலத்தில் என் கணக்கு உதைக்கிறது. அதுவும் கட்-ஆஃபில் சேராத பாடம்தான், நேரம் இருந்திருக்க வேண்டும். ஆனால் பாஸானால் போதும் என்று பிள்ளைகளும், பாஸாக்கினால் போதும் என்று பள்ளியும் ஓர் உடன்படிக்கைக்கு வந்துவிட்டார்கள். பயோடேட்டா எழுதுகிற கேள்வி இருக்கிறது, கைடில் இருக்கிற பெயரையே எழுதிவிட்டு வருகிறார்கள். ராஜ்கோட் சப்ளையருக்குப் போன் போட்டு ‘இன்னும் லாரி ரசீது வரவில்லை, நம்பர் கொடுங்கள்’ என்று ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேச, 85 மார்க் வாங்கியவன் போனை என்னிடம் நீட்டுகிறான். ஒடிசாக்காரர் வாங்கி இந்தியில் முடித்துவிடுகிறார். ஒன்றரை. நல்ல டீச்சர்கள் மன்னிக்க வேண்டும்.

உடற்கல்வித் துறையை மதிப்பிட முடியவில்லை, ஏனென்றால் பிளஸ் டூவில் அது டைம்டேபிளில் மட்டும்தான் இருந்தது. பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வார். கட்-ஆஃப் அங்கேயும் வந்து ஆளைப் பிடிக்கிறது. அக்கா மகனுக்கு இருபது வயதில் முதுகுவலி. ஆனால் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்கிற வாய்ப்பு இருந்தால் விடாதீர்கள். ஒரு கிராமத்தில் போய் ஏழு நாள் தங்குகிற முகாம். சாம்பாருக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு பருப்பு, சண்டை வந்தால் யார் போய்ப் பேசுவது, ஊர்க்காரர்களிடம் எப்படி அனுமதி கேட்பது என்பதெல்லாம் அங்கேதான் எங்கள் பையன்களுக்குத் தெரிந்தது.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ரிவ்யூ என்றால் அது இல்லாமல் எப்படி. அரசுப் பள்ளியில் பாடப் புத்தகம் விலை இல்லாமல் கிடைக்கிறது. பிளஸ் ஒன்னில் சைக்கிள் உண்டு. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை காலேஜ் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய். பையன்களுக்கு அதே மாதிரி தமிழ்ப் புதல்வன், அதை 2024 ஆகஸ்டில் எங்கள் கோவையில்தான் தொடங்கி வைத்தார்கள். மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது, இன்ஜினியரிங் மாதிரி படிப்புகளுக்கு அடுத்த வருஷம். 2022-இல் நான் முதல்வன் திட்டம் வந்த பிறகு கல்லூரிக் கனவு என்று மேற்படிப்பு வழிகாட்டும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. எங்கள் கொட்டகைக்கு அன்றைக்கு யாரும் வராத குறை இப்போதைய பிள்ளைகளுக்கு இல்லை. தனியார் பள்ளியில் இரண்டு வருஷத்துக்குக் கேட்கிற பணத்தில் நான் ஒரு வைண்டிங் மெஷின் வாங்கிவிடுவேன்.

ஆகவே முந்நூற்று நாற்பது எடுத்த பையனின் அப்பாவுக்கு என் பதில்: குரூப் பெயரைப் பார்க்காதீர்கள், சேர்க்கைக்குப் போகிற அன்றைக்கே கொஞ்சம் சீக்கிரம் போய்ப் பள்ளியைச் சுற்றி வாருங்கள். லேப் கதவில் பூட்டு தொங்கினால் அது துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மீட்டர் பிரிட்ஜ் மேலே தூசி இருந்தால் அந்த வருஷம் யாரும் அதைத் தொடவில்லை என்று அர்த்தம். பிளஸ் டூ பிள்ளைகள் யாராவது நின்றால், செய்முறையில் ஒரு செட்டுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள், அவர்கள் உண்மையைச் சொல்வார்கள். காமர்ஸ் என்றால் டேலியைக் கம்ப்யூட்டரில் காட்டுகிறார்களா, போர்டில் காட்டுகிறார்களா என்று கேளுங்கள். தொழிற்கல்விப் பிரிவு இன்னும் ஓடுகிற பள்ளி உங்கள் பக்கம் இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம். ஆனால் அந்த சார் எந்த வருஷம் ரிட்டயர் ஆகிறார் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.